சாய அளவு: வழக்கம்போல்

அந்த மாத்திரை அட்டையைக் கொஞ்சம் காட்டுகிறீர்களா, அண்ணாச்சி? விழுங்கிவிட்டுக் காட்டுங்கள், அவசரம் இல்லை. தண்ணீர் வேண்டுமானால் என் பாட்டிலில் இருக்கிறது.

நினைத்தது சரிதான். நடைவேந்தன் மாத்திரை. நீங்கள் பையைத் திறந்தபோதே பச்சை அட்டை கண்ணில் பட்டுவிட்டது. முழங்காலுக்குத்தானே? எத்தனை நாளாகச் சாப்பிடுகிறீர்கள்? நாற்பது நாள். வேளைக்கு ஒன்று, மூன்று வேளை. கால் பரவாயில்லையா? மாடிப்படி ஏறுகிறீர்களா? கைப்பிடியைப் பிடிக்காமலா? கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. என் வீட்டுக்காரிக்கும் உங்களைப் போல முழங்கால்தான். பையில் இன்னும் இரண்டு டப்பா வைத்திருக்கிறீர்களே. தென்காசியில் மகள் வீட்டுக்கா. அங்கே கிடைக்காமல் போய்விட்டால் என்று முன்னேற்பாடா. நல்லது.

நான் ஏன் கேட்கிறேன் என்றால், இந்த மாத்திரை கடைக்கு வருவதற்கு முன்னால் இதைப் பார்த்த கண் என்னுடையது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. என் பெயர் ஞானசிகாமணி. வீடு பாவூர்சத்திரத்தில். திருநெல்வேலிக்கு வெளியே ஒரு கல்லூரி, பெயர் வேண்டாம். அங்கே ஒரு செல் ஆய்வுக்கூடம். இருபத்தாறு வருஷம் அதில் மைக்ராஸ்கோப் என் பொறுப்பு. போன பங்குனியோடு ஓய்வு பெற்றேன். இன்றைக்கு ஒரு சின்ன வேலை என்று கூப்பிட்டிருந்தார்கள். போய்விட்டுத் திரும்புகிறேன். அதை அப்புறம் சொல்கிறேன். இப்போதுதான் பேட்டை தாண்டுகிறது, நமக்கு நேரம் இருக்கிறது.

ஏன் நெஞ்சைத் தடவுகிறீர்கள்? படபடப்பா? பஸ்ஸைப் பிடிக்க ஓடி வந்திருப்பீர்கள். இந்த வண்டியும் தூக்கித் தூக்கிப் போடுகிறது. சன்னல் பக்கம் மாறிக்கொள்ளுங்கள், காற்று வரட்டும்.

மைக்ராஸ்கோப்பில் என்ன பார்ப்பேன் என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன், ஒன்றும் கடினம் இல்லை. நம் உடம்பு முழுக்கச் சின்னச் சின்ன அறைகள். அந்த அறைக்குத்தான் செல் என்று பெயர். பாலில் கால்சியம் இருக்கிறதல்லவா, அதே கால்சியம்தான் செல்லுக்குள்ளும் வேலை பார்க்கிறது. இதயத்துச் செல்லில் கதவு திறக்கும், கால்சியம் உள்ளே வரும், செல் சுருங்கும். உடனே அதை வாரி வெளியே தள்ளும், செல் தளரும். வந்தால் சுருக்கம், போனால் தளர்ச்சி. நெஞ்சுத் துடிப்பு என்று நாம் சொல்வது இதைத்தான். உங்களுக்கும் எனக்கும் இந்த நிமிஷம் அதுதான் நடந்துகொண்டிருக்கிறது.

ஆனால் கால்சியம் கண்ணுக்குத் தெரியாது. அதற்குத்தான் சாயம். துணிக்குப் போடுகிற சாயம் இல்லை. இது தனியாக இருந்தால் ஒளிராது. கால்சியத்தைப் பிடித்தால்தான் ஒளிரும். நீல வெளிச்சம் காட்டினால் பச்சையாகச் சுடர்விடும். இந்தச் சாயம் ஒரு சட்டையைப் போட்டுக்கொண்டு செல்லுக்குள் நுழையும். உள்ளே போனதும் செல்லே அந்தச் சட்டையை உரித்துவிடும். சட்டை போனபின் அதனால் சுலபமாக வெளியே வர முடியாது. உள்ளே இருந்துகொண்டு, கால்சியம் வரும்போதெல்லாம் மினுக் என்று எரிந்து காட்டும். செல் செத்துப்போகாது. உயிரோடு இருக்கும்போதே அதன் உள்ளே என்ன நடக்கிறது என்று அது நமக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும்.

இருட்டு அறை, ஒரு சிவப்பு பல்பு. எலிக் குட்டியின் இதயத்திலிருந்து எடுத்து வளர்த்த செல்கள் கண்ணாடித் தட்டில் தன்பாட்டுக்குத் துடிக்கும். சாயம் ஏற்றிவிட்டு, கழுவிவிட்டுப் பார்த்தால் மினுக், மினுக், மினுக். முதல் நாள் பார்த்துவிட்டு அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. பசியே தெரியவில்லை.

இதில் கை முக்கியம் அண்ணாச்சி. சாயத்தின் பொடி கொஞ்சூண்டுதான் வரும், வெளிச்சம் படாமல் வெள்ளித்தாளில் சுற்றி. அதைக் கரைத்து, அளந்து, தட்டில் விட வேண்டும். புத்தகத்தில் இரண்டு பங்கு என்று போட்டிருக்கும். இரண்டு பங்கு போட்டால் என்ன ஆகும்? வெளிச்சம் மங்கலாக வரும். தூரத்தில் தெருவிளக்கு எரிகிற மாதிரி. ஆரம்பத்தில் எங்கள் பேராசிரியர் வைகுந்தமூர்த்தி படத்தைப் பார்த்துவிட்டு, "என்ன ஞானம், கரண்ட் இல்லாத ஊர் மாதிரி இருக்கே" என்றார். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அன்றைக்கு எனக்குச் சுருக்கென்று தைத்தது. மறுநாள் நான்கு போட்டேன். பிறகு ஏழு. பிறகு பத்து.

பத்தில் நிற்கிறது என் கை. தட்டு முழுக்கத் தீபாவளி. அந்தப் படம் ஒன்றைப் பெரிதாக்கிக் கல்லூரி வாசலில் மாட்டியிருக்கிறார்கள், இன்றைக்கும் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். வெளியூர்க்காரர்கள் வந்தால் பேராசிரியர் என் தோளில் கைபோட்டு, "இது ஞானம் கை" என்பார். எப்படி என்று யாரும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

நோட்டில் எழுத வேண்டுமே என்பீர்கள். எழுதுவேன். ஒரு நாள் விடாமல் எழுதுவேன். தேதி, தட்டு எண், செல், மருந்து, வெப்பம், எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கட்டம். சாய அளவு என்று ஒரு கட்டம். அதில் 'வழக்கம்போல்' என்று எழுதுவேன். பொய் இல்லையே. வழக்கமாகப் போடுவதைத்தான் போட்டேன்.

சீதபற்பநல்லூர் வந்துவிட்டது. இறங்கி ஒரு சோடா குடிக்கிறீர்களா? வேண்டாமா. சரி, உட்காருங்கள். வேர்க்கிறது உங்களுக்கு. துண்டை எடுத்துத் துடைத்துக்கொள்ளுங்கள்.

நடைவேந்தனுக்கு வருகிறேன். நான்கு வருஷத்துக்கு முந்தி அந்தக் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். ஏதோ ஒரு மலைக்கொடியின் சாறு. வலிக்கு நன்றாகக் கேட்கிறது, ஆனால் இதயத்துக்குத் தொந்தரவு தருமா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். இதயத்துச் செல்லில் சாறை விட்டால் கால்சியம் ஒழுங்காக வந்து போகிறதா, இல்லை உள்ளேயே தேங்கி நிற்கிறதா? தேங்கினால் செல் சுருங்கியபடி நின்றுவிடும். தேங்கவில்லை என்றால் மருந்து நல்லது. கேள்வி அவ்வளவுதான்.

நான் பார்த்தேன். நூற்றுப் பதினாறு தட்டு. ஒன்றில்கூடக் கலவரம் இல்லை. சாறு விடுவதற்கு முன்னால் எப்படி இருந்ததோ விட்ட பிறகும் அப்படியே. ஒவ்வொன்றுக்கும் எதிரில் 'அமைதி' என்று எழுதினேன். சாய அளவு, வழக்கம்போல். முடிவு, அமைதி. பக்கம் பக்கமாக அழகாக இருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் அந்தப் பிள்ளை வந்து சேர்ந்தது. மெஹர்பானு, மேலப்பாளையம். பிள்ளை என்று சொல்கிறேனே தவிர முப்பத்தைந்து வயது, டாக்டர் பட்டம் வாங்கியவள், ஐதராபாத்தில் ஏழு வருஷம் இதே வேலை பார்த்துவிட்டு வந்தவள். வந்த முதல் வாரமே என் படத்தைத் திரையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

"சார், சாயம் எவ்வளவு போட்டீங்க?"

"வழக்கம்போலத்தான்."

"வழக்கம்னா எவ்வளவு சார்?"

"உங்க கையில புக்கு இருக்குல்லா. அதுல என்ன போட்டிருக்கு?"

"ரெண்டு."

"பொறவு என்ன?"

"ரெண்டுக்கு இவ்வளவு வெளிச்சம் வராது சார்."

நான் சிரித்துவிட்டேன். "அது கைக்குக் கை மாறும்மா" என்றேன். அவள் சிரிக்கவில்லை. இருபத்தாறு வருஷத்தில் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவள்தான். எனக்கு அது பிடிக்கவில்லை, ஒளிப்பானேன்.

ஒரு வாரம் கழித்து இருட்டு அறைக்குக் கூப்பிட்டாள். மூன்று தட்டு வைத்திருந்தாள். ஒரே செல், ஒரே நாள், ஒரே மலைக்கொடிச் சாறு. சாயம் மட்டும் வேறு வேறு. இரண்டு, ஐந்து, பத்து. "நீங்களே பாருங்க சார்" என்று நாற்காலியை விட்டு எழுந்து நின்றுகொண்டாள்.

பத்தைப் பார்த்தேன். தீபாவளி, நல்ல அமைதி. என் கைதான். ஐந்தைப் பார்த்தேன். அங்கங்கே கொஞ்சம் தடுமாற்றம். இரண்டைப் பார்த்தேன்.

மங்கலாகத்தான் இருந்தது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மினுக், மினுக் என்று நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அவள் சாறை விட்டாள். கொஞ்ச நேரத்தில் ஒரு செல் எரிந்தது. அணையவில்லை. பக்கத்துச் செல் எரிந்தது, அதுவும் அணையவில்லை. ஒவ்வொன்றாக எரிந்து, எரிந்து, தட்டு முழுக்கப் பச்சையாக நின்றுவிட்டது. துடிப்பு இல்லை. விளக்கைப் போட்டுவிட்டு ஆள் இல்லாத வீடு மாதிரி. நான் கண்ணை எடுத்துவிட்டேன். வயசான கண், இருட்டில் ரொம்ப நேரம் பார்த்தால் நீர் வரும்.

அவள் சொன்னாள்: "தேரோட்டத்துக்கு எத்தனை பேர் வாராங்கன்னு எண்ண ரெண்டு பேரை நிறுத்தலாம் சார். பத்தாயிரம் பேரை நிறுத்தி, ஆளுக்கு ஒருத்தர் கையைப் பிடிச்சுக்கிட்டு எண்ணுனா, கூட்டம் எப்படி நகரும்? கூட்டமே இல்ல, அமைதியா இருக்குன்னுதான் எழுதணும். உங்க சாயம் கால்சியத்தை எண்ணல. புடிச்சு வச்சுக்கிடுது. உள்ள வந்த கால்சியத்தையெல்லாம் அதுவே வாரி வச்சுக்கிட்டு செல்லைக் காப்பாத்துது."

"சரி, காப்பாத்துதுல்லா" என்றேன், பேச்சுக்கு.

"இதைச் சாப்புடுற ஆளுக்கு யாரு சார் உள்ள சாயம் போடுவா?"

பாருங்கள், பேச்சைப் பாருங்கள். வந்து இரண்டு மாதம் ஆகவில்லை. வாசலில் படம் தொங்குகிற மனுஷனிடம் பேசுகிற பேச்சா இது?

அப்புறம் ஒன்று கேட்டாள். அதுவும் கெஞ்சுகிற மாதிரிதான் கேட்டாள். "நீங்க தப்பு பண்ணினதா நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன் சார். அந்தக் கட்டத்துல எண்ணை மட்டும் எழுதிருங்க. பத்துன்னு. அது போதும், மத்ததை அதுவே சொல்லிரும்." பேனாவையும் நீட்டினாள்.

நான் வாங்கிக்கொண்டேன். நோட்டைத் திறந்து அந்தக் கட்டத்தைப் பார்த்தேன். என் எழுத்து வரிசையாக, கோணாமல், நூல் பிடித்த மாதிரி. அதில் போய் எப்படி அடித்து எழுதுவது? பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஆலங்குளம். ஏறுகிற கூட்டம் நம் மேல் விழும், பையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கை ஏன் இப்படி ஜில்லென்று இருக்கிறது? வெளியே காற்றாலை எல்லாம் அசையாமல் நிற்கிறது, எனக்கே புழுங்குகிறது. வயது என்ன உங்களுக்கு? அறுபத்திரண்டா. என்னைவிட மூன்று மூப்பு.

மறுவாரம் கம்பெனிக்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள். அவள் தன் படத்தைத் திரையில் போட்டாள். மங்கலாக, ஒன்றும் தெளிவில்லாமல். பிறகு என் படத்தைப் போட்டார்கள். அறையே பச்சையானது. பேராசிரியர் என்னைத்தான் திரும்பிப் பார்த்தார். "ஞானம், உங்க கை என்ன சொல்லுது?"

நான் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை அண்ணாச்சி. "கண்ணுக்கே தெரியுதே சார்" என்றேன்.

"சாயம்?"

"வழக்கம்போல சார்."

பேராசிரியருக்கு வழக்கம் என்றால் புத்தகத்தில் இருக்கிற இரண்டு. எனக்கு வழக்கம் என்றால் என் கை. ஒரே சொல்தான். அவர் எப்படிப் புரிந்துகொண்டார் என்பதற்கு நான் என்ன செய்ய முடியும்? அறிக்கையில் 'சாய அளவு முறைப்படி' என்று போனது. புதிதாக வந்தவளுக்கு இன்னும் கை பழகவில்லை என்று அவள் தட்டுகளைத் தள்ளிவிட்டார்கள். அடுத்த மாதம் அவள் வேலையை விட்டுவிட்டாள். போகும்போது ரொம்ப மரியாதையாகச் சொல்லிக்கொண்டுதான் போனாள். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. சண்டை போட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

மாதம் தவறாமல் போனில் ஒரு வரி அனுப்புவாள். "சார், எண் மட்டும் போதும்." சலாம் இல்லை, நலமா இல்லை. போன வாரம் வந்ததில் ஒரு சொல் கூடுதல். "சார், எண் மட்டும் போதும். சீக்கிரம்." என்ன சீக்கிரம்? நான் ஓய்வு பெற்ற மனுஷன்.

இன்றைக்கு எதற்குப் போனேன் என்று அப்புறம் சொல்கிறேன் என்றேனே. சென்னையிலிருந்து, மருந்துகளைச் சோதிக்கிற சர்க்கார் ஆபீஸ்காரர்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஒரு அம்மா, ஒரு இளவட்டம். மேஜை மேல் என் நோட்டு. பக்கத்தில் ஒரு தாள், பெயர்களாக இருந்தது. எனக்கு எழுத்தைத் தலைகீழாகப் படித்துப் பழக்கம். கடையநல்லூரில் ஒரு தையல்காரர். சங்கரன்கோவிலில் தபால் ஆபீசில் இருந்த ஒரு அம்மா. பதினொரு பெயர். எல்லாருக்கும் முழங்கால் வலி, எல்லாருக்கும் உங்கள் வயது, என் வயது. எல்லாருக்கும் நெஞ்சு நின்றிருக்கிறது. அந்த வயதில் நெஞ்சுதானே அண்ணாச்சி நிற்கும்? மாத்திரை சாப்பிடாதவனுக்கு நிற்காதா? ஆனால் யாருக்கும் அதைப் பற்றிப் பேச்சில்லை. மாத்திரை, மாத்திரை.

அந்த அம்மா நோட்டைத் திருப்பி என் பக்கம் வைத்து, விரலை அந்தக் கட்டத்தில் வைத்தார். "இது ஒண்ணுதான் எங்களுக்குப் புரியல. வழக்கம்போல்னா எவ்வளவு?"

இளவட்டம் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தான். வாசலில் என் படம் இருக்கிறது, அறைக்குள்ளிருந்து பார்த்தாலே அதன் ஓரம் தெரியும்.

"ரெண்டு" என்றேன்.

"நிச்சயமா?"

"புத்தகத்துல என்ன இருக்கோ அதுதாம்மா வழக்கம்."

எழுதிக்கொண்டார்கள். கையெழுத்து கேட்டார்கள், போட்டேன். அந்த அம்மா பெருமூச்சு விட்டுத் தாளை மடித்து வைத்தார். மாத்திரை மேல் குற்றம் இல்லை போலிருக்கிறது, வேறு எங்காவது பார்ப்போம் என்று அவர்களுக்குள் பேசிக்கொண்டார்கள். எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள். முடிந்தது. ஒரு எண்ணுக்கு இத்தனை பாடு.

ஏன் பேசாமல் இருக்கிறீர்கள்? நான் சொன்னதில் ஏதாவது மனசுக்குக் கஷ்டமா? உங்களைப் பயமுறுத்தவா இவ்வளவு நேரம் பேசினேன்? இதைப் பார்த்தவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறான் என்று உங்களுக்கு ஒரு தைரியம் வரட்டும் என்றுதான் சொன்னேன். நூற்றுப் பதினாறு தட்டு அண்ணாச்சி.

படபடப்பு இன்னும் அடங்கவில்லையா? முதலில் வேகமாக அடித்தது, இப்போது விட்டு விட்டு அடிக்கிறதா? நடுவில் ஒன்று விட்டுப்போகிற மாதிரியா? சரி, சரி, பேச வேண்டாம். மூச்சை மெதுவாக விடுங்கள். தென்காசியில் இறங்கியதும் மகளைக் கூட்டிக்கொண்டு ஒரு டாக்டரைப் பார்த்துவிடுங்கள். கட்டாயம் பாருங்கள். ஆனால் மாத்திரையைப் பற்றி அவரிடம் சொல்லிக் குழப்ப வேண்டாம். இந்தக் காலத்து டாக்டர்கள் எடுத்த எடுப்பில் பழியை அதன் மேல்தான் போடுவார்கள்.

என் ஊர் வந்துவிட்டது. கண்டக்டர் கத்துகிறார் பாருங்கள், "பாவூர்சத்திரம் எறங்குறவங்க முன்னால வாங்க". கொஞ்சம் காலை ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

அட, உங்கள் அட்டை. பார்க்க வாங்கியது, பேச்சு வாக்கில் என் சட்டைப்பையில் போட்டிருக்கிறேன். ஆலங்குளத்திலிருந்தே கையை அதன் மேல்தான் வைத்திருந்தேன் போலிருக்கிறது, அட்டை நசுங்கிவிட்டது. அப்படியே இறங்கிப் போயிருப்பேன். இந்தாருங்கள். இன்னும் ஏழு இருக்கிறது. எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள், உங்கள் பொருள்.

என்ன கேட்டீர்கள்? சத்தத்தில் கேட்கவில்லை.

என் வீட்டுக்காரியா? அவளுக்கும் முழங்கால்தான், ஆமாம். கம்பெனிக்காரர்கள் பன்னிரண்டு டப்பா அன்பளிப்பாகவே கொடுத்தார்கள். பீரோவுக்கு மேலே இருக்கிறது, பிரிக்கவில்லை. அவளும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

அவளுக்கு எண்ணெய்தான் அண்ணாச்சி. நானே சுட வைத்துத் தேய்த்துவிடுவேன். வழக்கம்போல்.